பெரிய டிரைவுக்கு மாற இலவச குளோன் மென்பொருள்: பல வருடப் பயன்பாட்டில் என்னிடம் நிலைத்தவை

வீட்டிலும் வேலையிடத்திலும் கம்ப்யூட்டர்களுக்கு டிரைவ் மாற்றித் தருவது பல வருடங்களாக என் பொறுப்பு. தேவை எப்போதும் ஒன்றுதான். 256 ஜிபி எஸ்எஸ்டி நிரம்பிவிட்டது, 1 டிபி வாங்கியாயிற்று. விண்டோஸ், மென்பொருள்கள், கோப்புகள், செட்டிங்ஸ் எதுவும் கலையாமல் புதியதில் வந்து உட்கார வேண்டும். இப்படி டிரைவை அப்படியே நகலெடுப்பதைத்தான் குளோன் என்கிறோம். இதற்காகப் பணம் கொடுத்து ஒரு மென்பொருள் வாங்க மனம் வராது. வருடத்துக்கு ஒரு முறை செய்கிற வேலைக்கு ஏன் வாங்க வேண்டும்?

இன்று யார் கேட்டாலும் குளோன்ஜில்லா, ரெஸ்க்யூஜில்லா என்ற இரண்டு பெயர்களைத்தான் சொல்கிறேன். கூடவே, பார்ட்டிஷன்களின் (டிரைவைப் பிரித்து வைத்திருக்கும் பகுதிகளின்) அளவை மாற்ற ஜிபார்டெட். மற்றவற்றையும் பயன்படுத்திப் பார்த்துவிட்டுத்தான் இங்கே வந்து சேர்ந்தேன்.

இலவசம் என்று தேடினால் முதலில் வருபவை பெரும்பாலும் வணிக நிறுவனங்களின் 'ஃப்ரீ' பதிப்புகள். அழகான திரை, எளிதான பொத்தான்கள். பழைய டிரைவைத் தேர்ந்தெடுக்கிறோம், புதியதைத் தேர்ந்தெடுக்கிறோம், எல்லாம் சரியாகப் போகிறது. கடைசிப் பொத்தானை அழுத்தும்போதுதான் 'இந்த வசதிக்குக் கட்டணப் பதிப்பு தேவை' என்ற பெட்டி வரும். சிலவற்றில் வெறும் டேட்டா டிரைவை இலவசமாகக் குளோன் செய்யலாம், விண்டோஸ் இருக்கும் டிரைவுக்கு மட்டும் காசு. நமக்கு வேண்டியதே அதுதானே! போன வருடம் இலவசமாக இருந்தது இந்த வருடம் இல்லாமல் போவதும் நடக்கிறது. அதனால் இப்படிப்பட்ட டூல்களை யாருக்கும் பரிந்துரைப்பதை நிறுத்திவிட்டேன்.

மேக்ரியம் ரிஃப்ளெக்ட் ஃப்ரீ அந்த வகையில் சேராது. அதைப் பற்றி நல்ல வார்த்தைதான் சொல்ல முடியும். விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே குளோன் செய்யும், புதிய டிரைவில் ஒவ்வொரு பார்ட்டிஷனும் எவ்வளவு இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே இழுத்து வைக்க விடும். பல வருடங்கள் என் முதல் தேர்வாக இருந்தது. அந்த இலவசப் பதிப்பை நிறுவனமே நிறுத்திவிட்டது. பாதுகாப்பு அப்டேட்டும் 2024 ஜனவரி 1-ஓடு முடிந்தது. இப்போது கிடைப்பது 30 நாள் சோதனைப் பதிப்பு. ஒரே ஒரு முறை மாற்றப் போகிறவருக்கு அந்த 30 நாளே போதும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழைய இலவசப் பதிப்பை எங்கிருந்தோ தேடி இறக்குவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். டிரைவ் முழுவதையும் படிக்க அனுமதி பெறும் ஒரு மென்பொருளை ஊர் பேர் தெரியாத தளத்திலிருந்து எடுப்பது ஆபத்து.

எஸ்எஸ்டி தயாரிப்பாளர்கள் தரும் டூல்களையும் ஒதுக்கிவிட வேண்டாம். சாம்சங்குக்குச் சொந்த டூல் இருக்கிறது. க்ரூஷியலும் வெஸ்டர்ன் டிஜிட்டலும் அக்ரோனிஸ் என்ற குளோன் மென்பொருளின் ஒரு பதிப்பைத் தருகின்றன. தங்கள் பிராண்ட் டிரைவ் கம்ப்யூட்டரில் இருந்தால்தான் இவை வேலை செய்யும். புதிய டிரைவ் இந்த பிராண்டுகளில் ஒன்றாக இருந்து, விண்டோஸும் ஆரோக்கியமாக இருந்தால், முதல் முறை செய்பவருக்கு இதுவே சுலபமான வழி.

சரி, குளோன்ஜில்லாவுக்கு வருவோம். தைவானின் தேசிய உயர்திறன் கணினி மையத்தில் உருவானது, ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில் வெளிவருவது. இந்த உரிமம்தான் எனக்குப் பெரிய விஷயம். நாளைக்கு யாரும் இதில் ஒரு வசதியைப் பூட்டிக் காசு கேட்க முடியாது, மூல நிரல் வெளியே இருக்கிறது. நான் கற்றுக்கொண்டது வீணாகாது என்ற நிம்மதி வேறு எந்த டூலிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

பென்டிரைவில் எழுதி, அதிலிருந்து கம்ப்யூட்டரை பூட் செய்ய வேண்டும். அப்போது விண்டோஸ் ஓடாது, டிரைவில் எந்தக் கோப்பும் திறந்திருக்காது. திரையைப் பார்த்து முதலில் சிலர் பயப்படுவார்கள். மவுஸ் கிடையாது. அம்புக்குறி, டேப், என்டர், இவ்வளவுதான். 'டிவைஸ்-டிவைஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்து, 'பிகினர்' முறைக்குப் போய், டிஸ்கிலிருந்து டிஸ்குக்கு என்று சொன்னால், எது மூல டிரைவ் (நகலெடுக்க வேண்டிய பழையது) என்று ஒரு பட்டியல் காட்டும். இந்த இடத்தில் நிதானம் வேண்டும். விண்டோஸில் பார்த்த சி, டி எழுத்துகள் இங்கே இருக்காது. எஸ்டிஏ, எஸ்டிபி என்ற லினக்ஸ் பெயர்களும், பக்கத்தில் அளவும் மாடல் பெயரும் இருக்கும். நான் எப்போதும் அளவையும் மாடலையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்ப்பேன். கடைசியில், இலக்கு டிரைவில் உள்ள எல்லாம் அழியும் என்று எச்சரித்து உறுதி கேட்கும், கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கேட்கும். இரண்டு முறையும் பெயரைப் படித்துவிட்டே ஒய் அழுத்துங்கள்.

அப்புறம் பார்ட்குளோன் என்ற உள் டூல் வேலையைத் தொடங்கும். இது டிரைவில் பயன்பாட்டில் உள்ள பகுதிகளை மட்டும் படித்து எழுதும், காலி இடத்தைத் தொடாது. 500 ஜிபி டிரைவில் 120 ஜிபிதான் நிரம்பியிருக்கிறது என்றால் 120 ஜிபிக்கான நேரம்தான் ஆகும். வேகத்தைத் தீர்மானிப்பது மென்பொருளைவிட இடையில் இருக்கும் கேபிள்தான். பழைய யுஎஸ்பி 2 போர்ட்டில் நொடிக்கு 35 எம்பி அளவில் ஓடும், 200 ஜிபிக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். யுஎஸ்பி 3-இல் செருகினால் பழைய ஹார்ட் டிஸ்க் எவ்வளவு வேகத்தில் படிக்குமோ அந்த வேகம் கிடைக்கும். புதிய டிரைவை யுஎஸ்பியில் இணைக்க உதவும் பெட்டியான என்க்ளோஷர் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: எம்.2 என்ற சிறிய பட்டை வடிவத்தில், சாட்டா இணைப்பு முறை எஸ்எஸ்டியும் உண்டு, என்விஎம்இ இணைப்பு முறை எஸ்எஸ்டியும் உண்டு. ஒன்றுக்கான என்க்ளோஷர் பல சமயம் மற்றதை ஏற்காது.

ரெஸ்க்யூஜில்லா இதே வேலையை மவுஸால் செய்யலாம் என்ற வசதியோடு தருகிறது. உபுண்டு அடிப்படையில் ஒரு முழு டெஸ்க்டாப் திறக்கும். குளோன்ஜில்லா எடுத்த பேக்கப் இமேஜையும் (கோப்புகளாகச் சேமித்த டிரைவ் நகல்) இது படிக்கும். ஜிபார்டெட் உள்ளேயே இருக்கிறது. நண்பர்களுக்கு போனில் வழி சொல்ல வேண்டி வந்தால் இதைத்தான் சொல்கிறேன். எதைக் கிளிக் செய்ய வேண்டும் என்று வாயால் சொல்லிப் புரியவைக்க முடிகிறது.

இனி, பலர் தடுமாறும் இடம். குளோன் முடிந்தது, புதிய டிரைவில் விண்டோஸ் வந்துவிட்டது, ஆனால் சி டிரைவ் அதே பழைய 237 ஜிபியாகவே இருக்கிறது. மென்பொருள் ஏமாற்றிவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். பழைய டிரைவின் பார்ட்டிஷன் அளவுகளை உள்ளபடியே கொண்டுவந்திருக்கிறது, அவ்வளவுதான். மீதி இடம் டிரைவின் கடைசியில் ஒதுக்கப்படாமல் கிடக்கிறது. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்து சி மேல் வலது கிளிக் செய்தால் 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' மங்கலாகத் தெரியும், அழுத்த முடியாது. காரணம், சி-க்கும் அந்தக் காலி இடத்துக்கும் நடுவில் சில நூறு எம்பி அளவில் ஒரு ரெகவரி பார்ட்டிஷன் உட்கார்ந்திருக்கிறது. ஒட்டியிருக்கும் இடத்தைத்தான் அந்த டூலால் சேர்க்க முடியும்.

இதற்கு ஜிபார்டெட்தான் மருந்து. ரெஸ்க்யூஜில்லா பென்டிரைவிலேயே அதைத் திறந்து, மேலே வலப்பக்கம் புதிய டிரைவைத் தேர்ந்தெடுங்கள். நீளமான பட்டையில் பார்ட்டிஷன்கள் வரிசையாகத் தெரியும். ஒவ்வொன்றிலும் நிரம்பிய பகுதி மஞ்சளாகவும், யாருக்கும் ஒதுக்காத இடம் சாம்பலாகவும் இருக்கும். முதலில் ரெகவரி பார்ட்டிஷனை 'ரீசைஸ்/மூவ்' மூலம் வலது கோடிக்கு இழுக்க வேண்டும். நகர்த்தினால் பூட் ஆகாமல் போகலாம் என்று ஒரு எச்சரிக்கை வரும். நகர்த்துவது ரெகவரி பார்ட்டிஷனை மட்டும்தான், அதனால் விண்டோஸ் பூட் ஆவதில் இதுவரை பிரச்சினை வந்ததில்லை. அடுத்து சி-யின் வலது ஓரத்தைப் பிடித்துக் காலி இடம் முழுக்க விரித்து, பச்சை டிக் பொத்தானை அழுத்தினால்தான் உண்மையில் வேலை நடக்கும். அதுவரை எதுவும் எழுதப்பட்டிருக்காது, மனம் மாறினால் ரத்து செய்யலாம். இந்த நேரத்தில் மின்சாரம் போகக் கூடாது. லேப்டாப் என்றால் சார்ஜரில் இருக்கட்டும்.

குளோன்ஜில்லாவின் 'எக்ஸ்பர்ட்' முறையில் பார்ட்டிஷன்களை விகிதாச்சாரப்படி விரிக்கும் ஒரு தேர்வு உண்டு. டேட்டா டிரைவுக்கு அதைப் பயன்படுத்துகிறேன். விண்டோஸ் டிரைவுக்குக் கையால் விரிப்பதையே விரும்புகிறேன், எது எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் செய்யலாம். எல்லாம் முடிந்த பிறகும் 1 டிபி டிரைவ் 931 ஜிபி என்றுதான் காட்டும். தயாரிப்பாளர் ஆயிரத்தின் மடங்கில் கணக்கிடுகிறார், விண்டோஸ் 1024-இன் மடங்கில் கணக்கிடுகிறது. எதுவும் காணாமல் போகவில்லை.

குளோன் பாதியில் நின்றுவிட்டது என்று வரும் புகார்களில் அதிகம் பார்த்தது விண்டோஸின் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வேலையை. ஷட் டவுன் கொடுத்தாலும் அது முழுதாக அணைவதில்லை, விண்டோஸ் இருக்கும் என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷன் பாதி தூக்கத்தில் இருக்கும். பார்ட்குளோன் அதைப் பார்த்ததும் பிழை சொல்லி நின்றுவிடும், நிற்பதே சரி. ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள், முழுதாக அணையும்.

அடுத்தது பிட்லாக்கர், டிரைவில் உள்ளதைச் சங்கேதமாக்கிப் பூட்டும் விண்டோஸின் என்க்ரிப்ஷன் வசதி. இப்போது பல லேப்டாப்புகளில் நாம் கேட்காமலேயே என்க்ரிப்ஷன் ஓடுகிறது. அப்படியிருந்தால் எந்தப் பகுதி நிரம்பியது, எது காலி என்று குளோன்ஜில்லாவுக்குத் தெரியாது. முழு பார்ட்டிஷனையும் செக்டர் செக்டராக (டிரைவின் சிறு சிறு துண்டாக) நகலெடுக்கும், நேரம் பல மடங்காகும். பிறகு ஜிபார்டெட்டாலும் அதை விரிக்க முடியாது. குளோனுக்கு முந்தைய நாளே என்க்ரிப்ஷனை அணைத்து, அது முழுதாக அவிழும் வரை காத்திருந்து, மாற்றம் முடிந்ததும் மறுபடி போடுங்கள். ரெகவரி கீயை வேறொரு இடத்தில் எழுதி வைப்பது கட்டாயம்.

பழைய டிரைவ் சாகும் நிலையில் இருந்தால் இதுவரை சொன்ன வழி எதுவும் வேண்டாம். டிரைவின் ஆரோக்கியத்தைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை வந்து, பெண்டிங் செக்டர் (படிக்கத் தடுமாறும் இடங்கள்) எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால், சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற மீட்பு லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்து, அதிலுள்ள டிடிரெஸ்க்யூ என்ற டூலைப் பயன்படுத்துங்கள். நன்றாகப் படிக்க முடிகிற இடங்களை முதலில் எடுத்துவிட்டு, சிரமமான இடங்களுக்குக் கடைசியில் வரும். எதை எடுத்தோம், எது பாக்கி என்று ஒரு மேப் கோப்பில் குறித்துக்கொள்வதால் நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

முதல் பூட்டுக்கு முன் பழைய டிரைவைக் கழற்றிவிடுங்கள். இரண்டுக்கும் ஒரே அடையாள எண் இருக்கும், விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைனாக்கிவிடும். லினக்ஸில் எந்த டிரைவிலிருந்து பூட் ஆனது என்றே குழம்பும். லினக்ஸின் பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமை என்றால் டேட்டா கெடவே வாய்ப்பு இருக்கிறது. சாட்டாவிலிருந்து என்விஎம்இ-க்கு மாறும்போது 'இன்அக்செசிபிள் பூட் டிவைஸ்' என்ற நீலத் திரை வரலாம். குளோனுக்கு முன்பே விண்டோஸின் எம்எஸ்கான்ஃபிக் டூலில் சேஃப் பூட்டை டிக் செய்துவிட்டால், புதிய டிரைவில் முதல் முறை சேஃப் மோடில் திறக்கும்போது விண்டோஸ் தேவையான டிரைவரை ஏற்றிக்கொள்ளும். பிறகு டிக்கை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் போதும்.

2 டிபிக்கு மேல் போகிறவர்கள், பழைய டிரைவில் பார்ட்டிஷன் விவரத்தைக் குறித்து வைக்கும் முறை எம்பிஆரா (பழையது) ஜிபிடியா (புதியது) என்று முதலிலேயே பாருங்கள். எம்பிஆர் 32 பிட் எண்ணில் செக்டரைக் குறிப்பதால், 512 பைட் செக்டரில் ஏறத்தாழ 2 டிபிக்கு மேல் எட்டாது. 4 டிபி வாங்கினாலும் பாதி பயன்படாது. விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பு முதல் எம்பிஆர்2ஜிபிடி என்ற டூல் கூடவே வருகிறது, டேட்டாவை அழிக்காமல் மாற்றித் தரும். மாற்றிய பிறகு பயாஸில் யுஇஎஃப்ஐ என்ற புதிய பூட் முறைக்குப் போக வேண்டும், அதை அந்தக் கம்ப்யூட்டர் ஆதரிக்கிறதா என்று தெரிந்துகொண்டு தொடங்குங்கள். பழைய டிரைவை உடனே அழித்துவிட வேண்டாம். சில வாரங்கள் புதியதில் வேலை செய்து, மெயில், போட்டோ, கணக்குக் கோப்பு எல்லாம் திறந்து பார்த்த பிறகு அதை ஃபார்மட் செய்து பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.