கல்சுவரும் காரையும்: யார்க்‌ஷயர் பண்ணைவீட்டில் நான்கு இரவுகள்

கல்லிடைக்குறிச்சியில் எங்கள் பூர்விக வீட்டுச் சுவர்களை என்ன செய்வது என்று குடும்பத்தில் பேச்சு ஓடிக்கொண்டிருந்த சமயத்தில், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் வேலை பார்க்கும் மகளைப் பார்க்கப் போன நானும் என் மனைவியும், யார்க்‌ஷயர் டேல்ஸ் பகுதியில் வாடகைக்கு விடப்படும் பழைய கல் பண்ணைவீடு ஒன்றில் நான்கு இரவுகள் தங்கினோம். அங்கே போக நினைப்பவர்களுக்கும், இங்கே பழைய வீட்டை வைத்துக்கொண்டு தவிப்பவர்களுக்கும் பயன்படும் என்று இதை எழுதுகிறேன்.

வாசல் நிலைக்கு மேலே உள்ள கல்லில், வீட்டைக் கட்டிய கணவன் மனைவியின் பெயர் முதலெழுத்துகளும் பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஆண்டும் செதுக்கப்பட்டுள்ளன. சுவரின் கனம் ஏறத்தாழ இரண்டு அடி. உள்முகம், வெளிமுகம் என இரண்டு வரிசையாகக் கல்லை அடுக்கி, நடுவில் சில்லுக்கற்களைச் சுண்ணாம்புக் கலவையோடு நிரப்பி, இரண்டு முகமும் பிரிந்துவிடாதபடி இடையிடையே சுவரின் முழு அகலத்துக்கும் நீளக்கற்களைக் குறுக்கே போட்டிருக்கிறார்கள். சன்னல்களைக் கல் தூண்கள் பிரிக்கின்றன. மேலே புருவம் போல நீண்டிருக்கும் கல் விளிம்பு, வழியும் மழைநீரைச் சன்னலில் படாமல் தள்ளிவிடுகிறது. அடைக்கப்பட்ட சன்னல் ஒன்றைக் காட்டி, 1696 முதல் 1851 வரை அங்கே, சன்னல்களின் எண்ணிக்கையைப் பார்த்து விதித்த சன்னல் வரியே காரணம் என்றார்கள். இருக்கலாம், ஆனால் உள்ளே அறையை மாற்றும்போது அடைத்தவையும் நிறைய உண்டு.

கூரையை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓட்டுக்குப் பதில் மணற்கல் பலகைகள். இறவாரத்தில் பெரியவை, மேலே போகப்போகச் சிறியவை. பாரம் மிகுந்தவை சுவருக்கு அருகே அமர்கின்றன. தண்ணீர் அதிகம் சேரும் கீழ்ப்பகுதியில் இணைப்புகளும் குறைந்துவிடுகின்றன. அதே கூரையின் கீழ் ஒரு கோடியில் தொழுவம். வடபுறத்தில், வெயில் படாத குளிர்ச்சிக்காகவே அமைத்த பால் அறை. என் மனைவி உள்ளே நுழைந்ததும், “நம்ம வீட்டு அரங்கு மாதிரியே இருக்கு” என்றாள். எங்கள் பக்கத்து வீடுகளில் சாமான் வைக்கும் உள்ளறைக்கு அரங்கு என்று பெயர்.

குறை ஒன்று உண்டு. அடுக்களைச் சன்னலைச் சுற்றிக் கல்லிடுக்குகளைச் சிமெண்டால் பூசியிருக்கிறார்கள். அந்த இடத்தில் மட்டும் மணற்கல்லின் முகம் பொரிந்து, விரலால் தடவினால் மாவாக உதிர்கிறது. சுண்ணாம்பு அப்படியே விடப்பட்ட பக்கத்துச் சுவர் உறுதியாக இருக்கிறது. சுவருக்குள் போன ஈரம் சுண்ணாம்பு வழியாக வெளியேறிக் காய்ந்துவிடும். சிமெண்ட் அதைத் தடுப்பதால் ஈரம் கல் வழியாகவே வெளிவந்து, உப்பைக் கல்லின் முகத்தில் விட்டுச் செல்கிறது. பனிக்காலத்தில் அந்த ஈரம் உறைந்து கல்லைப் பிளக்கவும் செய்கிறது. போர்ட்லாண்ட் சிமெண்டுக்கு 1824இல் காப்புரிமை பெற்ற ஜோசப் ஆஸ்ப்டின் அதே லீட்ஸ் நகரத்துக் கொத்தனார்தான். புதுக் கட்டடத்துக்கு அது நல்ல பொருள். திருநெல்வேலி அருகே தாழையூத்தில் 1949இல் சிமெண்ட் ஆலை தொடங்கிய பிறகு நம் மாவட்டத்தில் எத்தனையோ வீடுகள் அதனால் எழுந்தன. ஆனால் சுண்ணாம்புக் காரைச் சுவருக்கு மேல் அதைப் பூசுவது சுவருக்குச் செய்யும் தீங்கு.

எங்கள் வீட்டின் முன்பகுதியான தார்சாவில் அதைத்தான் செய்திருந்தோம். முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறி, எத்தனை முறை பெயிண்ட் அடித்தாலும் கொப்புளித்தது. ஊர் திரும்பியதும் அந்தச் சன்னல் படத்தை எங்கள் வயதான கொத்தனாரிடம் காட்டினேன். படத்தைப் பார்த்த மாத்திரத்தில், “வேர்வைய அடச்சா தோலு பொரியத்தான செய்யும், அண்ணாச்சி” என்றார்.

தங்கப் போகிறவர்கள் சிலவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மாடிப்படி செங்குத்தானது, முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஆகாது. கல் பாவிய தரை கோடையிலும் சில்லிடும். பகலிலும் உள்ளே விளக்குத் தேவைப்படும். இவ்வளவையும் மீறி, கட்டடத்தை நேசிப்பவர்கள் கட்டாயம் இரண்டு இரவுகளாவது இருந்து பார்க்க வேண்டிய வீடு அது.

தார்சாவின் சிமெண்டைக் கொத்தி எடுத்தாகிவிட்டது. சுவர் காயட்டும் என்று விட்டிருக்கிறோம். சித்திரையில் கடுக்காயும் கருப்பட்டியும் சேர்த்த சுண்ணாம்புக் காரை பூச அதே கொத்தனார் வருகிறார்.