தமேல் வாடகைக் கடையில் மலையேற்றப் பொருள்கள்: ஒரு மதிப்பீடு

எவரெஸ்ட் சிகரம் அமைந்துள்ள, நேபாளத்தின் சாகர்மாதா தேசியப் பூங்காவில் பல நாள் நடக்கவிருப்பவர்களுக்கு, காத்மாண்டுவின் தமேல் பகுதியில் உள்ளே புகுந்து உறங்கும் தூக்கப்பையும் (ஸ்லீப்பிங் பேக்) இறகு ஜாக்கெட்டும் வாடகைக்குத் தரும் சிறு கடை ஒன்றை முழுமனதோடு பரிந்துரைக்கிறேன். வழியிலுள்ள நாம்சே பஜார் என்ற ஊரைத் (3,440 மீட்டர்) தாண்டி, 5,000 மீட்டருக்கு மேலுள்ள கோரக் ஷெப் என்ற இடத்தில், சூடேற்றப்படாத அறையில் இரவைக் கழிக்கும்போது உடல் பெரிதும் நம்பியிருப்பது அந்தப் பையைத்தான் என்பதால், அதைத் தேர்ந்தெடுப்பதில் அவசரம் கூடாது.

என்னைக் கவர்ந்தது, பைகளை உறைக்குள் திணிக்காமல் தளர்வாகத் தொங்கவிட்டிருந்த முறை. பைக்குள் நிரப்பிய இறகு நெடுநாள் அமுங்கிக் கிடந்தால் பருமனை இழக்கிறது. பருமன் குறையக் குறைய, அது பிடித்துவைக்கும் காற்றும் குறைந்து குளிர் உள்ளே இறங்கிவிடும். பையில் அச்சிட்டுள்ள வெப்பநிலை எண்களில், தாங்கக்கூடிய எல்லையைக் காட்டும் எண்ணை விட்டுவிட்டு, நிம்மதியாக உறங்கக்கூடிய எண்ணையே பார்க்க வேண்டும் என்று கடைக்காரர் பொறுமையாக விளக்கினார். ஜிப்பை முழுவதும் இழுத்துக் காட்டிய பிறகே முன்பணம் பெற்றுக்கொண்டார். இந்த நேர்மை பெரிது. பைக்குள் விரிக்கும் உள்ளுறைகள் மட்டும் நைந்திருந்தன; பட்டுத்துணியில் சொந்தமாக ஒன்று வைத்துக்கொள்வது நல்லது.

காலணிகளும் வாடகைக்கு உண்டு, ஆனால் எடுக்க வேண்டாம். பிறர் காலுக்குப் படிந்த காலணி கொப்புளத்தையே தரும். ஊரிலேயே வாங்கி, சில வாரங்கள் நடந்து பழக்கியதையே அணிய வேண்டும். விடுபட்ட சிறு பொருள்களை நாம்சேயிலும் வாங்கலாம். மேலே சுமந்துவரும் கூலி சேர்வதால் அங்கு விலை கூடுதல்.