"இம்போர்ட்டட் ப்ளடி மேரி மிக்ஸ்" என்று வாட்ஸப்பில் வருகிறதே, வாங்கும் முன் இதைப் படிங்க

ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கத்து வாட்ஸப் குழுக்களில் கொஞ்ச நாளாக ஒரு படம் சுற்றிக்கொண்டிருக்கிறது. சிவப்பாக ஒரு பாட்டில், பக்கத்தில் உயரமான கிளாஸ், அதில் ஒரு செலரித் தண்டு, மேலே "அமெரிக்கன் ப்ளடி மேரி மிக்ஸ், லிட்டர் 850 ரூபாய், ஆறு எடுத்தால் டெலிவரி ஃப்ரீ" என்று. வாங்காதீங்க. நான் ஆறு பாட்டில் வாங்கினேன். உள்ளே இருந்தது தக்காளி சாஸ். பேக்கரியில் பப்ஸுக்கு ஊற்றித் தருவார்களே, அந்த இளக்கமான சாஸ். அதுவும் தேதி முடிந்தது.

குடி சம்பந்தப்பட்ட பதிவு என்று முகம் சுளிக்கிறவர்கள் தாராளமாகக் கடந்து போகலாம். ப்ளடி மேரி என்பது வோட்காவும் தக்காளிச் சாறும் மசாலாவும் சேர்ந்த பானம். ஆனால் அதற்கென்று விற்கிற இந்த மிக்ஸில் சாராயம் கிடையாது, வெறும் தக்காளிச் சாறும் மசாலாவும்தான். சோடா ஊற்றிக் குடிக்கலாம் என்று குழந்தைகள் இருக்கிற வீடுகளிலும் சிலர் வாங்குவதால் எல்லாருக்குமாகத்தான் எழுதுகிறேன்.

கனடாவில் கால்கரியில் இருக்கும் மாமா பையன் லீவுக்கு வந்திருந்தான். கே.ஆர்.பி. டேம் பக்கம் எங்கள் மாந்தோப்பில் எல்லாரும் கூடுவதாக ஏற்பாடு. அங்கே 'சீசர்' என்று ஒரு பானம் உண்டாம், 1969-ல் கால்கரியில் ஒரு ஹோட்டலில் வால்டர் செல் என்பவர் செய்தது, வோட்காவும் தக்காளிச் சாறும் சிப்பிச் சாறும் சேர்ந்தது, கனடாக்காரர்களுக்கு அது இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை விடியாது என்று ஒரே பேச்சு. சரி, வந்தவனுக்கு அதையே கொடுப்போம் என்று அந்த வாட்ஸப் நம்பரில் கேட்டேன். "சிப்பி கலந்ததும் இருக்குங்கண்ணா, ஒரிஜினல் இம்போர்ட்டுங்க" என்று பதில் வந்தது. மூன்று அது, மூன்று சாதா என்று சொல்லி முழுப் பணத்தையும் யூபிஐயில் அனுப்பினேன். அந்த ஆள் அதோடு நிற்கவில்லை, "வோட்காவும் பெங்களூர் விலைக்கு சேர்த்து அனுப்பட்டுங்களா" என்று கேட்டார். தமிழ்நாட்டில் மதுவை சில்லறையாக விற்பது 2003-லிருந்து டாஸ்மாக் மட்டும்தான். வாட்ஸப்பில் ஒருவர் பாட்டிலுக்கு விலை சொல்கிறார் என்றாலே அவர் எந்த ரகம் என்று தெரிந்துவிடும். அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பெட்டி வந்தது. படத்தில் இருந்த பாட்டில் வேறு, வந்தது வேறு. கேட்டதற்கு "கம்பெனி டிசைன் மாத்திட்டாங்கண்ணா". ஆறு பாட்டிலிலும் ஒரே ஸ்டிக்கர். சிப்பி கலந்தது எது, கலக்காதது எது என்று பிரித்துப் பார்க்க வழியே இல்லை. ஆறிலும் பச்சைப் புள்ளி. இந்த இடத்தில்தான் எனக்கு முதலில் இடித்தது. சிப்பிச் சாறு சேர்ந்த பொருளில் பச்சைப் புள்ளி எப்படி வரும்? சைவத்துக்குப் பச்சை வட்டம், அசைவத்துக்குப் பழுப்பு முக்கோணம், அதுதான் இங்கே சட்டம். விளையாட்டுக் காரியம் இல்லை இது. அன்றைக்கு வருவதாக இருந்தவர்களில் ஒருவரின் மாமனார் மீன் வாசமே ஆகாத ஆள். சீசருக்கு ஊற்றுகிற க்ளமாட்டோ மாதிரி தக்காளிச் சாற்றில் நிஜமாகவே சிப்பிச் சாறு இருக்கும். சிப்பி இல்லாத சாதா ப்ளடி மேரி மிக்ஸிலும் பெரும்பாலும் வூஸ்டர்ஷயர் சாஸ் என்ற புளிப்பான கறுப்பு சாஸ் சேர்ந்திருக்கும், அந்த சாஸின் ஒரிஜினல் செய்முறையில் நெத்திலி வகை மீன் உண்டு. தக்காளிதானே என்று சைவக்காரர்களுக்கு ஊற்றிக் கொடுத்துவிடாதீர்கள், லேபிளைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். அந்த ஆளிடம் கேட்டால், "எல்லாத்துக்கும் ஒரே ஸ்டிக்கர்தாங்கண்ணா ஒட்டறது" என்கிறார்! யார் ஒட்டுவது, கம்பெனியா நீங்களா என்று கேட்டேன். நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை.

தோப்பில் மாமா பையன்தான் முதல் பாட்டிலைத் திறந்தான். ப்ளடி மேரிக்குப் புத்தகக் கணக்கு 45 மில்லி வோட்காவுக்கு 90 மில்லி தக்காளிச் சாறு, 15 மில்லி எலுமிச்சைச் சாறு, வூஸ்டர்ஷயரும் டபாஸ்கோ என்ற மிளகாய் சாஸும் சில சொட்டு, செலரி உப்பு, மிளகு. மிக்ஸ் என்று விற்பதில் காரமும் உப்பும் புளிப்பும் முன்பே கலந்திருக்கும், அதனால் வோட்காவும் மிக்ஸும் ஐஸும் போட்டு எலுமிச்சையை ருசி பார்த்துப் பிழிந்தால் போதும். அவன் அப்படித்தான் செய்தான். ஒரு வாய் குடித்துவிட்டு கிளாஸை என் பக்கம் தள்ளி, "மாமா, இது சமோசாவுக்குத் தொட்டுக்கிறது" என்றான். நானும் குடித்துப் பார்த்தேன். முதலில் சர்க்கரை, அப்புறம் வினிகர் மூக்கில் ஏறுகிறது, கடைசியில் வோட்காவின் காட்டம் தனியாக நிற்கிறது. தக்காளி எங்கேயும் இல்லை.

ஐஸ் பக்கெட்டில் வைத்திருந்த இன்னொரு பாட்டிலில் ஸ்டிக்கர் ஊறி ஓரம் தூக்கிக்கொண்டது. நகத்தால் உரித்தேன். கீழே இன்னொரு லேபிள். மேலே இருந்த ஸ்டிக்கரில் "தக்காளிச் சாறு, மசாலாப் பொருட்கள்" என்று மட்டும் இருந்தது. கீழே இருந்ததில் தண்ணீர், சர்க்கரை, அப்புறம்தான் தக்காளி பேஸ்ட், கெட்டிப்படுத்த 1422, புளிப்புக்கு 260, கெடாமல் இருக்க 211. 1422 என்பது மாற்றியமைத்த ஸ்டார்ச், அதாவது மாவுச்சத்து, 260 அசிட்டிக் அமிலம், அதாவது வினிகரில் இருப்பது, 211 சோடியம் பென்சோயேட். இவை எதுவும் தடை செய்த பொருள் இல்லை, சாஸில் இருக்கிறவைதான். சாஸை சாஸ் என்று சொல்லி விற்றிருந்தால் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. தேதிதான் மோசம். மேல் ஸ்டிக்கரில் அடுத்த வருஷம் வரை உபயோகிக்கலாம் என்று இருக்கிறது, கீழே இருக்கும் தேதி எப்போதோ முடிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் இன்னொன்று செய்து பார்த்தேன். ஒரு ஸ்பூன் மிக்ஸை வெள்ளைத் தட்டில் போட்டு நிறையத் தண்ணீர் விட்டு, காயத்துக்குப் போடும் அயோடின் மருந்து இரண்டு சொட்டு விட்டேன். ஓரம் முதலில் கருநீலமாகி, அப்படியே நடுவரை பரவி, தட்டு மை கொட்டின மாதிரி ஆகிவிட்டது. ஸ்டார்ச் இருந்தால்தான் அந்த நிறம் வரும். பழுத்த தக்காளியில் ஸ்டார்ச் இருப்பது ரொம்பச் சொற்பம். பக்கத்திலேயே நாட்டுத் தக்காளியை நசுக்கி அதே மாதிரி விட்டுப் பார்த்தேன், மருந்தின் பழுப்பு நிறம்தான் நின்றது. அயோடின் கூட வேண்டாம், கிளாஸில் ஊற்றி வைத்தாலே பாதி தெரியும். வேறு எதுவும் சேர்க்காத தக்காளிச் சாறு கொஞ்ச நேரத்தில் கீழே சதை தங்கி மேலே தெளிந்து நிற்கும், குலுக்கினால் சேர்ந்துகொள்ளும். இது இரவு முழுக்க வைத்தும் அசையவில்லை. (நல்ல கம்பெனி மிக்ஸிலும் பிரியாமல் இருக்க கம் என்ற பிசின் சேர்ப்பார்கள், அதனால் இதை மட்டும் வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள்.)

வயிறு எரிகிற விஷயம் வேறு. பாலக்கோடு, ராயக்கோட்டை மார்க்கெட்டில் விலை விழும்போது பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாமல் சாலையோரம் கொட்டிவிட்டுப் போகிறார்கள் நம் ஆட்கள். அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு லிட்டர் 850-க்கு சர்க்கரைத் தண்ணீர் விற்கிறார் ஒருத்தர்.

அன்றைக்கு சாயங்காலமே அத்தை பாலக்கோட்டுத் தக்காளியை வெந்நீரில் போட்டுத் தோல் உரித்து, அரைத்து, வடிகட்டி ஒரு ஜக் நிறையக் கொடுத்துவிட்டார். ஹைப்ரிட் தக்காளியில் சதை ஜாஸ்தி, புளிப்பு குறைவு, அதனால் பாதிக்குப் பாதி நாட்டுத் தக்காளி சேர்த்தால் சரியாக இருக்கிறது. அதில் உப்பு, பொடித்த மிளகு, எலுமிச்சை. வூஸ்டர்ஷயர் சாஸுக்குப் பதில் கெட்டிப் புளிக்கரைசல் அரை ஸ்பூனும் சோயா சாஸ் சில சொட்டும். அந்த சாஸிலேயே புளி உண்டு என்பதால் இது ஒன்றும் ஒப்புக்குச் சப்பாணி வேலை இல்லை, சைவக்காரர்களுக்கும் சிக்கல் தீர்ந்தது. அங்கே ஹார்ஸ்ராடிஷ் என்று ஒரு கிழங்கைத் துருவிப் போடுவார்கள். மூக்கில் ஏறும் அதன் காரமும் கடுகின் காரமும் ஒரே சரக்கு, அதனால் பச்சைக் கடுகை அரைத்து ஒரு சிட்டிகை போட்டோம். டபாஸ்கோவுக்குப் பச்சை மிளகாய் ஊறின வினிகர். செலரி ஓசூர் சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும், கிடைக்காவிட்டால் கொத்தமல்லித் தண்டை நசுக்கிப் போடுங்கள், வாசம் வேறுதான் ஆனால் நன்றாகவே இருக்கிறது. ஃப்ரிட்ஜில் வைத்து மூன்று நாளைக்குள் முடித்துவிடுங்கள், கடை பாட்டில் மாதிரி வாரக்கணக்கில் வைக்காதீர்கள்.

கலக்குகிறபோது ஷேக்கரில் போட்டு ஆட்டக் கூடாது. தக்காளிச் சாறு நுரைத்து நீர்த்துப் போய்விடும். ஐஸோடு ஒரு கிளாஸில் இருந்து இன்னொன்றுக்கு நாலைந்து தடவை மாற்றி ஊற்றினால் போதும், டீ ஆற்றுகிற மாதிரி, ஆனால் அவ்வளவு உயரத்தில் இருந்து வேண்டாம். பீரில் கலக்குவதென்றால் மெக்சிகோக்காரர்கள் மிச்சலாடா என்று செய்வார்கள். கிளாஸ் விளிம்பில் எலுமிச்சை தேய்த்து உப்பும் மிளகாய்த்தூளும் ஒட்டவைத்து, அடியில் கால்வாசி மிக்ஸ், அப்புறம் நல்ல ஜில் பீரை கிளாஸைச் சாய்த்து மெதுவாக ஊற்றணும், அவசரப்பட்டால் பொங்கி மேஜையெல்லாம் சிவப்பு. குடிக்காதவர்களுக்கு மிக்ஸும் சோடாவும் எலுமிச்சையும் சேர்த்தாலே அருமையாக இருக்கும், அன்றைக்கு ஜக்கில் பாதி அப்படித்தான் போனது. கடையில் வாங்குகிற மிக்ஸில் உப்பு நிறையவே இருக்கும், பிபி உள்ளவர்கள் சோடியம் அளவைப் பார்த்துவிட்டுக் குடியுங்கள், மேலே உப்பு சேர்க்காதீர்கள்.

கடையில்தான் வாங்குவேன் என்றால் பாட்டிலைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள். பொருட்களின் பட்டியல் எடையில் அதிகமானதில் தொடங்கித்தான் வரணும், அதனால் தக்காளிக்கு முன்னால் சர்க்கரை இருந்தால் திருப்பி வைத்துவிடுங்கள். வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) தருகிற 14 இலக்க உரிம எண் மூன்றும் இருக்கணும். என் பாட்டிலில் முகவரி இல்லை, எண்ணில் 13 இலக்கம்தான் இருந்தது. அந்த எண்ணை எஃப்எஸ்எஸ்ஏஐயின் ஃபாஸ்காஸ் தளத்தில் போட்டால் யாருடைய உரிமம், இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று வந்துவிடும். இறக்குமதியாளர் தன் விவரத்தை ஸ்டிக்கராக ஒட்டுவது தப்பில்லை, ஆனால் கம்பெனி போட்ட தேதியை மறைத்து ஒட்டினால் அது மோசடிதான். மூடி உப்பியிருந்தாலோ, திறக்கும்போது புஸ்ஸென்று காற்று வந்தாலோ ருசி பார்க்கக்கூட வேண்டாம், கொட்டிவிடுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு "திறந்த பாட்டிலுக்கு ரிட்டர்ன் கிடையாதுங்க" என்றார். சரி, திறக்காத நாலு இருக்கிறதே என்றேன். நம்பரை பிளாக் செய்துவிட்டார். பெரிய ஆன்லைன் தளம் என்றால் 2020 இ-காமர்ஸ் விதிப்படி குறைதீர்ப்பு அதிகாரி இருக்கணும், 48 மணி நேரத்துக்குள் புகார் வந்ததென்று ஒப்புக்கொள்ளணும், ஒரு மாதத்துக்குள் முடித்துக் கொடுக்கணும். வாட்ஸப் நம்பரிடம் எந்த அதிகாரியைப் போய்க் கேட்பது? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்துவிட்டேன். மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்திலும் எழுதிக் கொடுத்தாயிற்று. திறந்ததைவிட சீல் உடையாத பாட்டில்தான் தங்களுக்கு உதவும் என்றார்கள், நாலையும் அப்படியே எடுத்து வைத்திருக்கிறேன்.

இதே மாதிரி பாட்டில் உங்களிடம் இருந்தால் ஓரத்தை மட்டும் லேசாகத் தூக்கிக் கீழே இன்னொரு லேபிள் இருக்கிறதா என்று பாருங்கள், முழுசாக உரிக்காதீர்கள். இரண்டு தேதியும் ஒரே படத்தில் தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள், யூபிஐ ரசீதையும் வாட்ஸப் பேச்சையும் அழிக்காமல் வையுங்கள், பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நம்பரை இங்கே போட மாட்டேன், ஏற்கெனவே ஒரு தடவை மாற்றிவிட்டார் என்று கேள்வி. படம் மட்டும் அதே படம்தான், செலரித் தண்டோடு இன்னமும் வந்துகொண்டிருக்கிறது.