ஆறு பெரும்போகங்கள், ஒரு மழைமானி, பல வானிலை அறிவிப்புகள்: என் பயன்பாட்டு அனுபவம்

2018 டிசம்பர் பிற்பகுதியில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களைப் பெருவெள்ளம் மூடியபோது, எங்கள் வயலில் கதிர் தள்ளிய நெல் நான்கு நாட்கள் நீருக்கடியில் கிடந்தது. அந்த இரவு எங்கள் ஊரில் எவ்வளவு மழை பெய்தது என்று பின்னர் பலரிடம் கேட்டேன். கிணறு வழிந்தது, வரம்பு தெரியவில்லை என்றார்களே தவிர, மில்லிமீற்றரில் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. அடுத்த ஆவணியில் கையால் அளக்கும் மழைமானி ஒன்றை வாங்கினேன். அன்றிலிருந்து ஆறு பெரும்போகங்களாக, அதாவது மாரி மழையில் செய்யும் ஆறு நெற்பருவங்களாக, அதனுடன் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்பு, செய்மதிப் படங்கள், கைப்பேசிச் செயலிகள் ஆகியவற்றையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பயன்படுத்தி வருகிறேன்.

மானி நான்கு அங்குல வாயுள்ள பிளாஸ்ரிக் உருளை. புனல் வழியே நீர் உள்ளே இருக்கும் ஒடுங்கிய குழாய்க்குள் இறங்குகிறது. அந்தக் குழாயின் குறுக்குவெட்டுப் பரப்பு வாயின் பத்தில் ஒரு பங்கு என்பதால், 1 மி.மீ. மழை அதில் 1 செ.மீ. உயரத்துக்கு நிற்கும். குழாய் 25 மி.மீற்றரில் நிரம்பியதும் மிகுதி வெளி உருளைக்குள் வழியும்; பெருமழைக்கு மறுநாள் அதைக் குழாய் குழாயாக ஊற்றி அளந்து கூட்ட வேண்டும். நீர்மட்டம் ஓரங்களில் ஏறி நடுவில் தாழ்ந்திருக்கும். வாசிக்க வேண்டியது நடுவிலுள்ள தாழ்ந்த வளைவைத்தான். முதல் இரு மாதங்களும் நான் இரண்டு தவறுகளைச் செய்தேன். மானியை மாட்டுக்கொட்டிலுக்கு அருகில் நட்டேன். தடையாக நிற்கும் பொருளின் உயரத்தைப்போல் இருமடங்கு தூரமாவது தள்ளி நட வேண்டும் என்பதைப் பின்னரே அறிந்தேன். காலை ஆறு மணிக்கு அளந்ததும் தவறு. திணைக்களம் காலை 8.30 முதல் மறுநாள் 8.30 வரையான மழையையே ஒரு நாள் மழைவீழ்ச்சியாகக் கணக்கிடுகிறது. நேரம் மாறினால் எந்த ஒப்பீடும் பயன்படாது.

மூன்றாம் ஆண்டில் வெயிலில் பிளாஸ்ரிக் மங்கி, உட்புறம் பாசி பிடித்து, கோடுகள் தெரியாமல் போயின. நான்காம் ஆண்டில் அடிப்பகுதியில் மயிரிழை அளவு வெடிப்பு விழுந்து நீர் கசிந்தது. முற்றத்து வாளியில் நின்ற நீருக்கும் மானியின் அளவுக்கும் பொருத்தமில்லாததைக் கண்டபோதுதான் அதைக் கவனித்தேன், புதியது வாங்கினேன். இடையில் வாங்கிய தானியங்கி மானி, உள்ளே சிறு வாளி சாய்ந்து சாய்ந்து எண்ணும் வகையைச் சேர்ந்தது. மழை எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதை அது சொல்லும், அது பெரிய உதவி. ஆனால் மழை கொட்டும்போது வாளி சாயும் கணத்தில் விழும் நீர் கணக்கில் சேராததால் குறைத்தே காட்டும். எறும்பு குடியேறினால் எதையுமே காட்டாது. அளவுக்கு நான் நம்புவது கைமானியையே.

அறிவிப்புகளை வாசிக்கக் கற்றதும் இந்த மானியால்தான். 'வடக்கு மாகாணத்தில் சில இடங்களில் 75 மி.மீற்றருக்கும் அதிகமான பலத்த மழைவீழ்ச்சி' என்ற வரியை முன்பு என் வயலுக்கான வாக்குறுதியாகவே எடுத்துக்கொள்வேன்; 12 மி.மீ. பெய்தால் அறிவிப்பு பொய்த்துவிட்டது என்று கோபப்படுவேன். அந்த வரி ஒரு மாகாணத்தைப் பற்றியது. 'சில இடங்களில்' என்ற சொல் அதன் உயிர். ஒரு ஐப்பசி மாலை என் மானியில் 46 மி.மீ. நின்றபோது, இரண்டு கிலோமீற்றர் தள்ளி இருக்கும் மச்சான் வீட்டு முற்றத்தில் தூசி அடங்கக்கூட மழை இல்லை. ஏப்ரலிலும் ஒக்ரோபரிலும் பெய்யும் இடிமழை அத்தகையது: பகல் வெப்பத்தில் எழும் முகில் ஒரு சில கிலோமீற்றரில் கொட்டித் தீர்த்துவிடும். எந்தச் செயலியும் அதன் இடத்தை முந்திச் சொன்னதை நான் கண்டதில்லை. மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் புழுதி விதைப்புச் செய்பவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை, ஏனெனில் அரைகுறை மழையில் முளைத்த நெல் அடுத்த மழை பிந்தினால் கருகிவிடும். ஆகவே ஒக்ரோபரில் செயலி காட்டும் மழை வாய்ப்புச் சதவீதத்தை நான் பார்ப்பதில்லை. மானியில் சேர்ந்த மழையைக் கூட்டிப் பார்த்தே விதைக்கிறேன்.

நவம்பர், டிசம்பர் மாதங்களில் நிலைமை வேறு. வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவாகும்போது மூன்று நான்கு நாட்களுக்கு முன்பே வரும் எச்சரிக்கையை நம்பி வேலை செய்யலாம். 2020 டிசம்பர் 2 ஆம் திகதி புரெவிச் சூறாவளி முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் இடையே கரையைக் கடப்பதற்கு முன் வாய்க்கால் வாய்களை வெட்டிவிட நேரம் கிடைத்தது. பெய்யும் நாள் சரியாகவே வருகிறது. அளவு மட்டும் மையத்தின் பாதை சற்று விலகினாலும் மாறிவிடுகிறது. தென்மேற்கிலிருந்து சோழகக் காற்று வீசும் மே முதல் செப்ரெம்பர் வரை இங்கே பார்ப்பதற்கு அதிகம் இல்லை.

மலைநாட்டின் கதை வேறு. அட்டனில் இருக்கும் அக்காவுக்கும் ஒரு மானி அனுப்பினேன். பல செயலிகள் பயன்படுத்தும் அமெரிக்கக் கணினி வானிலை மாதிரியின் பொதுத் தரவு ஏறத்தாழ 28 கிலோமீற்றர் கட்டங்களால் ஆனது. 2,524 மீற்றர் பீதுருதாலகாலையும் அதன் பள்ளத்தாக்குகளும் அத்தகைய கட்டத்துக்குள் தேய்ந்து ஒரு மேடாகிவிடுகின்றன. மலையின் எந்தப் பக்கம் நனையும், எந்தப் பக்கம் காயும் என்பது அதில் தெரியாது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்கு 24 மணி நேரத்தில் 75, 100, 150 மி.மீ. என்ற படிகளை வைத்திருக்கிறது. சரிவில் வீடுள்ளவர்களுக்கு முற்றத்து மானி இரவில் எழுந்து பார்க்க வேண்டிய பொருள். அக்கா அடைமழையில் மூன்று மணிக்கொரு தடவை வாசித்து எனக்கு அனுப்புகிறார்.

செய்மதிப் படங்களில் ஜப்பானின் ஹிமவாரி பத்து நிமிடத்துக்கு ஒன்று தருவதால் முகில் வளர்வதை உடனே காணலாம். ஆனால் அது கிழக்கே 140 பாகைக்கு மேல் நிற்பதால் எங்களைச் சாய்வாகப் பார்க்கிறது. உயர்ந்த முகிலின் உச்சி உண்மையான இடத்திலிருந்து மேற்கே விலகித் தெரியும். கடலிலிருந்து வரும் முகில் கரை ஏறிவிட்டதாக எண்ணி இருமுறை ஏமாந்தேன். இந்தியாவின் இன்சாற் செய்மதிப் படங்கள் ஏறக்குறைய எங்கள் தலைக்கு மேலிருந்து எடுக்கப்படுவதால் இடத்துக்கு அவற்றையும், வேகத்துக்கு ஹிமவாரியையும் பார்க்கிறேன்.

பருவகால எதிர்வுகூறலை விதைநெல் தெரிவுக்கு மட்டும் பயன்படுத்துகிறேன். நான் அளக்கத் தொடங்கிய 2019 இன் இறுதியில் இந்து சமுத்திர இருமுனைவு மிக வலுவான நேர்நிலையில் இருந்தது; அதாவது சமுத்திரத்தின் மேற்குப் பகுதி வழமையைவிடச் சூடாகவும் கிழக்குப் பகுதி குளிராகவும் இருந்தது. அத்தகைய நிலை ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரையான மழையைக் கூட்டும். முதல் ஆண்டிலேயே கொப்பி வேகமாக நிரம்பியது. அது வழமையான ஆண்டு அன்று என்பதை உணர எனக்கு மேலும் இரண்டு பெரும்போகங்கள் தேவைப்பட்டன. ஒரே ஆண்டு அளந்துவிட்டு ஊரின் மழையை அறிந்துகொண்டதாக எவரும் நினைக்க வேண்டாம் என்று இதனாலேயே கேட்டுக்கொள்கிறேன்.

வருகிற ஐப்பசிக்கு முன் மச்சான் வீட்டு முற்றத்திலும் ஒரு மானி நடுகிறோம். காலை 8.30 வாசிப்பை அவருடைய மகள் எழுதுவாள்.