திண்டுக்கல் பக்கம் ஒரு மூலிகை நாற்றங்கால்: மூன்று வருடம் வாங்கிப் பார்த்த அனுபவம்

குறையும் சேர்த்துச் சொல்லப் போவதால் நாற்றங்காலின் பெயரைப் போடவில்லை. திண்டுக்கல் பக்கம், ஒரு ஏக்கருக்கும் குறைவான இடம், பாதி நிழல்வலை, பாதி வேப்பமர நிழல். ரோஜா, குரோட்டன்ஸ் எதுவும் கிடையாது. நொச்சி, ஆடாதோடை, மருதாணி, ஆவாரை, நெல்லி, வில்வம், நுணா, சரக்கொன்றை, மகிழம் என்று மருந்துக்கு ஆகிற மரமும் புதரும் மட்டும்தான்.

நான் அங்கே போனதே ஒரு நெல்லி மரத்தால்தான். 2018 இல் வேறொரு இடத்தில் கிருஷ்ணா ரக ஒட்டுக்கன்று ஒன்று வாங்கி வீட்டுக்குப் பின்னால் வைத்தோம். நன்றாக வளர்ந்தது, 2021 இலும் 2022 இலும் பங்குனியில் பூவும் பூத்தது, அதுவும் சாதாரணமாக இல்லை, சிறுகிளை நெடுக மஞ்சளும் பச்சையும் கலந்து குருணை மாதிரி அப்பிக்கொண்டு பூத்தது. காலையில் கீழே சிமெண்ட் தரையைக் கூட்டினால் முறம் நிறையப் பூ இருக்கும். ஆனால் ஒரு காய் கூட இல்லை. மரத்தில் ஆணி அடி, உப்பு வை, தண்ணீரை நிறுத்து, நுண்ணூட்டம் தெளி என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஆணி அடிப்பதைத் தவிர மற்ற எல்லாம் செய்து பார்த்துவிட்டேன்.

நாற்றங்கால்காரர் அறுபது வயதைத் தாண்டியவர். நான் கதையெல்லாம் சொல்லி முடித்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஒத்த மரமா நிக்குதாம்மா?" ஆமாம் என்றேன். அக்கம்பக்கத்தில் யார் வீட்டிலும் நெல்லி இல்லை. "அப்ப அது எப்படிக் காய்க்கும்?" என்றார். நெல்லியில் பூவில் பெரும்பகுதி ஆண் பூ, பெண் பூ கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சமும் பல ரகங்களில் தன் மரத்து மகரந்தத்தால் சரியாகப் பிடிப்பதில்லை, வேறு ரகம் பக்கத்தில் இருக்க வேண்டும். அதனால்தான் தோப்பு போடுகிறவர்கள் இரண்டு மூன்று ரகங்களைக் கலந்து வைக்கிறார்கள். இதை எனக்கு அந்த ஒட்டுக்கன்றை விற்ற இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே இரண்டாக வாங்கியிருப்பேன்.

எனக்கு இன்னொரு மரம் வைக்க இடமில்லை. அதற்கும் வழி சொன்னார், இருக்கிற மரத்திலேயே இரண்டு கிளையில் காஞ்சன் என்கிற வேறு ரகத்தை மொட்டு கட்டிவிடலாம், அதாவது அதன் துளிர் மொட்டைப் பட்டையோடு எடுத்து ஒட்டிவிடலாம் என்று. ஆடி மாதம் வீட்டுக்கே வந்தார். மொட்டுக்கு 50 ரூபாய், வந்து போக 200 ரூபாய், அவ்வளவுதான் வாங்கினார்.

அவர் வேலை செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். காஞ்சன் குச்சிகளை இலை கிள்ளி, ஈர வாழை மட்டையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். எங்கள் மரத்தில் கட்டைவிரல் பருமனுள்ள கிளையாகப் பார்த்து, முதலில் ஓரத்தில் லேசாகக் கீறி, பட்டை வழுவழுவென்று உரிகிறதா என்று சோதித்தார். உரியாத கிளையில் கட்டினால் ஒட்டவே ஒட்டாதாம், மழை பெய்து மரத்தில் சாறு ஓடும் நாளில்தான் பட்டை அப்படிக் கழன்று வரும். ஒரு தீப்பெட்டிப் பக்கத்தில் பாதி அளவுக்குச் சதுரமாகப் பட்டையை எடுத்துவிட்டு, அதே அளவில் காஞ்சன் குச்சியிலிருந்து மொட்டோடு பெயர்த்த பட்டையை அங்கே உட்கார வைத்து, மொட்டு மட்டும் வெளியே தெரிகிற மாதிரி பாலிதீன் நாடாவால் இறுக்கிச் சுற்றினார். கையில் எடுத்த பட்டையின் உள்பக்கத்தை விரலால் தொடவே இல்லை, அதைக் கவனித்தேன். எல்லாம் சேர்த்து ஒரு மொட்டுக்கு இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

நான்கு கட்டியதில் மூன்று பிடித்தது. மூன்று வாரம் கழித்துப் பார்த்தபோது மூன்று மொட்டும் பச்சையாக இருந்தன, நான்காவது கறுத்துச் சுருங்கிவிட்டது. அதற்குக் காசைத் திருப்பித் தருகிறேன் என்றார், நான் வாங்கவில்லை. மொட்டுக்கு மேலே உள்ள கிளையை உடனே வெட்டாமல், மொட்டு துளிர்த்து ஒரு சாண் வந்த பிறகு படிப்படியாக வெட்டச் சொன்னார், அப்படியே செய்தேன். 2024 பங்குனியில் அந்தக் கிளைகளும் சேர்ந்து பூத்தன. பூ கொட்டியதும் மரம் மறுபடி வெறுமையாகத்தான் நின்றது, எனக்கு மனசே விட்டுப்போயிற்று. பதறாதே என்றார். நெல்லியில் கரு பிடித்த பிறகும் பிஞ்சு பல வாரம் வளராமல், கண்ணில் படாத அளவிலேயே உறங்கிக் கிடக்குமாம், மழை வந்த பிறகுதான் திரளும். அவர் சொன்னது போலவே மழைக்குப் பிறகு ஒருநாள் துணி காயப்போடப் போனபோது தலைக்கு மேலே கிளை நெடுகக் கோலிக்குண்டு கோலிக்குண்டாகப் பார்த்தேன். கார்த்திகையில் இரண்டு படி பறித்தோம், அம்மா அன்றைக்கே தேன்நெல்லி போட்டுவிட்டார்கள்.

சரி, கன்றுகளுக்கு வருகிறேன். இந்த இடத்தை நான் மதிப்பதற்கு முக்கியக் காரணம், ஒவ்வொரு பாத்தி முன்னாலும் ஒரு தகரத் துண்டில் அந்தக் கன்று எப்படி உண்டானது, எந்த மாதம் பைக்கு மாற்றியது என்று பெயிண்டில் எழுதி வைத்திருக்கிறார். விதை, குச்சி, வேர்க்கன்று (தாய் மரத்து வேரிலிருந்து கிளம்பும் கன்று), மொட்டு, அவ்வளவுதான் எழுத்து. ஆனால் வாங்குகிறவருக்கு அதைவிட முக்கியமான தகவல் இல்லை. விதையில் வந்த நெல்லி தாய் மரத்தைப் போல இருக்கும் என்ற உறுதி கிடையாது, காய்க்கவும் பல வருடம் காத்திருக்க வேண்டும். மொட்டு கட்டியது மூன்று நான்கு வருடத்தில் பூக்கும், ஏனென்றால் ஏற்கெனவே பூத்துக் காய்த்த மரத்தின் துண்டுதான் அது. குச்சி நட்டு வருவதும் அப்படியே, நன்றாகப் பூக்கிற தாய்ச் செடியிலிருந்து எடுத்தால் அந்தக் குணம் அப்படியே வரும்.

நொச்சியும் ஆடாதோடையும் 25 ரூபாய். இரண்டும் அருமையான கன்றுகள், வேர் வெள்ளையாகப் பை முழுக்கப் பிடித்திருந்தது, வைத்ததில் ஒன்றும் சாகவில்லை. இதில் இன்னொரு நல்ல விஷயம், அடுத்த வருடம் நீங்கள் வாங்க வேண்டியதே இல்லை என்று சொல்லி, குச்சி வெட்டுவதை அவரே சொல்லிக் கொடுத்தார். பென்சில் பருமன், ஒரு சாண் நீளம், மூன்று நான்கு கணு. அடிப்பக்கம் கணுவுக்குக் கீழே சாய்த்து வெட்ட வேண்டும், மேல்பக்கம் நேராக, அப்போதுதான் தலைகீழாக நடாமல் இருப்போம். இரண்டு கணு மண்ணுக்குள் போக வேண்டும், இலையை எடுத்துவிட வேண்டும், பூ விட்டிருக்கும் குச்சி வேண்டாம். மழைக்காலம் நல்லது. நான் முதல் தடவை செய்த தப்பு, பத்து நாளில் நுனியில் துளிர் வந்ததும் வேர் வந்துவிட்டது என்று நினைத்துப் பிடுங்கி வெயிலில் நட்டது. குச்சியில் இருக்கிற சத்தை வைத்தே துளிர் வந்துவிடும், வேர் அதற்கு அப்புறம்தான். எல்லாம் வாடிப்போயின. இரண்டாம் தடவை ஒரு மாதம் தொடவே இல்லை, எல்லாம் பிழைத்தன.

வேர் விடும் பொடி அவரிடம் 20 ரூபாய் பொட்டலமாகக் கிடைக்கிறது, இங்கேதான் என் முதல் குறை. பெரிய டப்பாவிலிருந்து பிரித்துக் கட்டியது, என்ன மருந்து, எத்தனை பிபிஎம் (மருந்தின் செறிவு), எப்போது காலாவதி என்று எதுவும் எழுதவில்லை. இந்தப் பொடிகளில் பெரும்பாலும் இருப்பது இண்டோல் பியூட்ரிக் அமிலம், இளம் தண்டுக்குக் குறைந்த அளவு, முற்றிய தண்டுக்குக் கூடுதல், அளவு மீறினால் வேர் வருவதைக் கெடுத்துவிடும். எழுதாமல் விற்பது சரியில்லை என்று நேரிலேயே சொன்னேன், அடுத்த தடவையும் எழுதவில்லை. நொச்சிக்கும் ஆடாதோடைக்கும் இந்தப் பொடி தேவையே இல்லை, காசு மிச்சம். மருதாணிக்கு மட்டும் நல்ல வித்தியாசம் தெரிந்தது, தொட்டு வைத்த பத்தில் ஏழு வந்தது, தொடாத பத்தில் மூன்று.

இரண்டாவது குறை ஆவாரை. ஆறு கன்று வாங்கினேன், நல்ல உயரம், பார்க்க அழகு. தகரத்தில் மாதம் அழிந்து போயிருந்தது, நானும் கேட்கவில்லை. வீட்டில் பையைக் கிழித்தால் ஆணிவேர் அடியில் முட்டி, சிம்மாடு மாதிரி இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. ஒரு வருடத்துக்கும் மேலாகப் பையில் கிடந்த கன்றுகள். ஆறில் ஐந்து அந்தக் கோடையைத் தாண்டவில்லை. ஆவாரை வேரை நேராகக் கீழே இறக்கித் தண்ணீர் தேடும் செடி, பையில் வளைந்த வேர் அப்புறம் நிமிராது. போய்ச் சொன்னதும் மறுக்கவில்லை, "ஆவாரைக்குக் கன்னே வாங்காதம்மா" என்று ஒரு கை விதை சும்மா கொடுத்தார். விதைத்தோல் கெட்டி, கொதித்து இறக்கிய தண்ணீரை ஊற்றி ராத்திரி முழுக்க அப்படியே ஆறவிட்டு, காலையில் உப்பியதை மட்டும் நட வேண்டிய இடத்திலேயே ஊன்றச் சொன்னார். புரட்டாசிக் கடைசியில் ஊன்றியது மழையில் முளைத்து, இப்போது இடுப்பு உயரம், வேலியோரம் நல்ல வெயிலில் நிற்பவை மஞ்சளாகப் பூத்துக் கிடக்கின்றன. மாமர நிழலில் ஊன்றிய இரண்டு மட்டும் வெறும் இலைதான். ஆனாலும் கன்றே வாங்காதே என்கிறவர் அந்தக் கன்றுகளைப் பாத்தியில் வைத்து விற்றிருக்கக் கூடாது, அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

அசோக மரம் கேட்டபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். பல இடங்களில் அசோகம் என்று கேட்டால் கோபுரம் மாதிரி நெட்டையாக வளரும் நெட்டிலிங்கத்தைத்தான் கட்டிக் கொடுக்கிறார்கள், மருந்துக்கு ஆகிற அசோகம் அது இல்லை. இவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். உண்மையான அசோகத்துக்குக் கூட்டிலை, புதுத் துளிர் செம்பு நிறத்தில் உயிரில்லாத மாதிரி தொங்கும், பூ ஆரஞ்சும் சிவப்புமாகக் கொத்தாகக் கிளையிலேயே வரும். ஆனால் எனக்கு விற்க மாட்டேன் என்றுவிட்டார். ஈரமும் பாதி நிழலும் வேண்டிய மரம், உங்கள் மேட்டு நிலத்தில் சாகடிக்க வேண்டாம் என்றார். கையில் காசோடு நிற்கிறவரிடம் இப்படிச் சொல்ல ஒரு மனசு வேண்டும்.

பூ உதிராமல் இருக்கத் தேமோர் கரைசலும் பாட்டிலில் வைத்திருக்கிறார், லிட்டர் 80 ரூபாய், பத்து லிட்டர் தண்ணீருக்கு ஒரு லிட்டர். தேங்காய்ப்பாலும் புளித்த மோரும் வீட்டில் இருந்தால் ஒரு வாரத்தில் நாமே செய்துகொள்ளலாம், இதை வாங்கத் தேவையில்லை. முருங்கைக்கும் எலுமிச்சைக்கும் அடித்தேன், பூ நன்றாக நின்றது, ஆனால் அதே சமயம் தண்ணீர் விடுவதையும் ஒழுங்கு செய்திருந்தேன், எதனால் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

போகிறவர்களுக்கு: காலை ஏழு மணிக்குப் போனால் அவர் பேசுவார், பத்துக்கு மேல் வேலை ஆட்களோடு இருப்பார். ஜிபே இருக்கிறது. பாத்தித் தகரத்தில் மாதம் அழிந்திருந்தால் கேளுங்கள், பையின் அடியைத் தூக்கிப் பாருங்கள், வேர் வெளியே வந்து தரையில் இறங்கியிருந்தால் அந்தக் கன்று வேண்டாம். ஒட்டு நெல்லி 120 ரூபாய், இரண்டு ரகமாக எடுங்கள். எனக்கு வில்வத்தில் வேர்க்கன்று சொல்லி வைத்திருக்கிறேன், தாய் மரத்திலிருந்து இன்னும் பிரிக்கவில்லை, ஒரு மழை பெய்யட்டும், ஆனியில் வா என்றிருக்கிறார்.