துருவின் அருகே செல்ல ஒரு பழைய லென்ஸ்: மைக்ரோ நிக்கோர் 55 மி.மீ. எஃப் 2.8

துருப்பிடித்த பொருள்களைப் படமெடுக்கத் தொடங்கிய புதிதில் அகலக்கோண லென்ஸைத்தான் எடுத்துச் செல்வேன். பாழடைந்த கொட்டகை, அதன் வாசலில் சாய்ந்து கிடக்கும் உழவு இயந்திரம், மேலே மேகம் என எல்லாமே ஒரே சட்டத்துக்குள் அடங்கிவிடும். படம் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். ஆனால் அந்த இயந்திரத்தின் அருகே சென்றபோது என் காலைப் பிடித்து நிறுத்தியது எதுவோ, அது மட்டும் படத்தில் இருக்காது. ஒரு போல்ட்டின் விளிம்பில் உதிரக் காத்திருந்த பொருக்கோ, மழைநீர் வழிந்த தடத்தில் படிந்திருந்த செம்மஞ்சள் கோடோதான் என்னை அங்கே நிறுத்தியிருக்கும். அந்தச் சிறு இடத்துக்கு என்னைக் கொண்டு சேர்த்த லென்ஸைப் பற்றியே எழுதுகிறேன். மூன்று ஆண்டுகளாக இந்த ஒரு வேலைக்கே அதைப் பயன்படுத்தி வருவதால், ஆளைப் படமெடுக்க எப்படி, பூச்சிகளுக்கு எப்படி என்பதற்குள் நான் செல்லவில்லை.

மைக்ரோ நிக்கோர் 55 மி.மீ. எஃப் 2.8 ஏறத்தாழ 1980இல் விற்பனைக்கு வந்த நிக்கான் லென்ஸ். தானியங்கி ஃபோகஸ் கிடையாது. ஒளி புகும் துளையான அபெர்ச்சரையும் லென்ஸின் மேல் உள்ள வளையத்தைத் திருப்பித்தான் மாற்ற வேண்டும்; எஃப் எண் கூடக் கூடத் துளை சிறுக்கும். எடை 300 கிராமுக்குச் சற்றுக் குறைவு. உள்ளே ஆறு கண்ணாடிகள் ஐந்து தொகுதிகளாக அமைந்துள்ளன. அருகில் ஃபோகஸ் செய்யும்போது அவற்றுக்கு இடையிலான தூரமும் சேர்ந்தே மாறுவதால், கைக்கெட்டும் தூரத்தில் உள்ள பொருளும் தொலைவில் உள்ள சுவரும் ஏறக்குறைய ஒரே கூர்மையுடன் பதிகின்றன. மிக அருகில் ஃபோகஸ் ஆகும் தூரம், சென்சாரிலிருந்து கணக்கிட்டால், 25 செ.மீ.

அந்தத் தூரத்தில் பொருள் அதன் உண்மையான அளவில் பாதியாகச் சென்சாரில் பதியும். 36 மி.மீ.க்கு 24 மி.மீ. சென்சார் கொண்ட முழுச்சட்டக் கேமராவில் 72 மி.மீ. நீளமும் 48 மி.மீ. அகலமும் கொண்ட ஒரு பரப்பு படத்தை நிறைத்துவிடும் என்று இதற்குப் பொருள். துருவுக்கு இது பொருத்தமான அளவு என்பது என் அனுபவம். கழற்றிப் போட்ட ஒரு கதவின் கீலை இந்தத் தூரத்தில் பார்த்த நாள் இன்னும் நினைவில் இருக்கிறது. தொலைவிலிருந்து பழுப்பாக மட்டுமே தெரிந்த அந்தக் கீலின் மேல் மூன்று அடுக்குப் பெயிண்ட் இருந்தது: மேலே மங்கிய பச்சை, அதற்கடியில் நீலம், அதற்கும் அடியில் பூசிய செங்காவி. இரும்பு துருவாக மாறும்போது அதன் கனஅளவு இரண்டு மடங்குக்கும் மேல் பெருகும் என்பதால், உள்ளே புகுந்த துரு மூன்று அடுக்குகளையும் சேர்த்துக் கொப்புளமாகத் தூக்கியிருந்தது. கொப்புளம் வெடித்த வாயில் அடுக்குகள் மூன்றும் மரத்தின் ஆண்டு வளையங்களைப் போல வரிசையாகத் தெரிந்தன. எத்தனை முறை, எத்தனை பேர் அந்தக் கதவுக்கு வண்ணம் பூசியிருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே வெகுநேரம் அதன் முன் குனிந்திருந்தேன்.

இவ்வளவு அருகில் சென்றுவிட்டால் கூர்மையாகத் தெரியும் ஆழம் மிகவும் சுருங்கிவிடும். பாதி அளவு உருப்பெருக்கத்தில், முழுச்சட்டக் கேமராவில், எஃப் 2.8 வைத்தால் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். எஃப் 8 வைத்தால் ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர். அந்த மூன்று மில்லிமீட்டரை எங்கே வைப்பது என்பதில்தான் படம் முழுவதும் அடங்கியிருக்கிறது. பொருக்கின் நுனியில் வைத்தால் அது உதிரப்போகும் பொருளாகத் தோன்றும். அதன் அடியில் உள்ள குழியில் வைத்தால் காயமாகத் தோன்றும். இந்த லென்ஸின் ஃபோகஸ் வளையம் நீண்ட தூரம் சுற்றக்கூடியது, சீரான பிடிப்புடன் நகர்வது. விரலைச் சிறிது அசைத்தால் கூர்மை ஒரு செதிலிலிருந்து அடுத்த செதிலுக்குக் கண் முன்னே நடந்து போகும். மோட்டார் வைத்த லென்ஸ்கள் துருவின் சொரசொரப்பில் எந்த மேட்டைப் பிடிப்பது என்று தடுமாறுவதைப் பார்த்துச் சலித்தவர்களுக்கு இதன் அருமை புரியும். கேமராவின் திரையில் பார்வையை உருப்பெருக்கிக்கொண்டு, டிரைபாடில் வைத்து, இரண்டு விநாடி டைமரில் எடுப்பதே என் வழக்கம். பொருள் எங்கும் போய்விடாது; அவசரப்படத் தேவையே இல்லை.

வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து, கிட்டத்தட்டப் பரப்பைத் தடவிக்கொண்டு வரும் காலையும் மாலையும் இதற்கு ஏற்ற வேளை. அப்போது ஒவ்வொரு பொருக்குக்கும் தனி நிழல் கிடைக்கிறது. முன்கண்ணாடி குழலுக்குள் சற்று உள்வாங்கி அமைந்திருப்பதால் பக்க ஒளியைத் தடுக்கும் ஹூட்டைத் தனியாக மாட்ட வேண்டியதில்லை. ஆனால் மிக அருகில் செல்லும்போது லென்ஸின் முனைக்கும் பொருளுக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர்தான் மிஞ்சும். லென்ஸின் நிழலோ நம் தலையின் நிழலோ படத்தில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மழை நின்ற பிறகு படமெடுத்தால் துருவின் நிறம் ஆழ்ந்து தெரியும். கூடவே ஈரத்தின் பளபளப்பு வெள்ளைத் திட்டுகளாக அதை மறைக்கவும் செய்யும். பளபளப்பைக் குறைக்கும் வடிகட்டியான 52 மி.மீ. போலரைசர் ஒன்றை மாட்டி மெதுவாகத் திருப்பினால் அந்தப் பளபளப்பின் பெரும்பகுதி விலகி, அடியில் உள்ள செம்மை வெளிவருகிறது.

நிறத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். துரு ஒரே நிறம் என்று நினைப்பவர்கள் அதன் அருகே சென்றதில்லை. நீரும் ஆக்சிஜனும் இரும்போடு சேர்ந்து உருவாக்கும் சேர்மங்கள் பல: லெப்பிடோகுரோசைட்டு செம்மஞ்சளாக இருக்கும், கோதைட்டு மஞ்சள் கலந்த பழுப்பாக இருக்கும், ஆக்சிஜன் குறைவாகச் சென்று சேரும் அடிப்பகுதியில் கருநிற மேக்னடைட்டு உருவாகும். ஒரே தகட்டில் மூன்றையும் காணலாம். ஒளிக்கேற்ப நிறங்களைச் சரிசெய்யும் கேமராவின் தானியங்கி வெள்ளைச் சமநிலை, சட்டம் முழுவதும் செம்மை நிறைந்திருப்பதைக் கண்டு அதைக் குறைக்கப் பார்க்கும். ஆகவே பகலொளி என்ற நிலையான அமைப்பில் வைத்துவிடுவது நல்லது. வெயிலில் உள்ள புதிய துருவில் சிவப்பு நிறப் பதிவு மட்டும் தனியே எல்லை மீறிப்போகும் என்பதால், சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனியாக ஹிஸ்டோகிராம் என்னும் ஒளியளவு வரைபடத்தைப் பார்த்து, தேவைப்பட்டால் வெளிச்சத்தை அரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்) குறைத்து, கேமரா மாற்றாத மூலப் பதிவான ரா கோப்பாகவே எடுக்கிறேன்.

குறைகளும் உண்டு. உண்மையான அளவிலேயே படம் பதிய வேண்டுமானால் பிகே 13 என்னும் 27.5 மி.மீ. நீட்டிப்பு வளையத்தை இடையில் பொருத்த வேண்டும். அப்போது பொருளுக்கும் லென்ஸுக்கும் உள்ள இடைவெளி ஏறத்தாழப் பாதியாகிவிடும், தொலைவில் ஃபோகஸ் செய்வதோடு ஒப்பிட்டால் வெளிச்சமும் இரண்டு ஸ்டாப் குறையும். அபெர்ச்சரை எஃப் 32 வரை சுருக்கலாம் என்றாலும், எஃப் 16ஐத் தாண்டினால் சிறிய துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவும் விளிம்பு விளைவால் படம் மெல்ல மழுங்கத் தொடங்குவதால், எனக்கு எஃப் 8, எஃப் 11 ஆகிய இரண்டுமே போதுமானவை. நிக்கானின் சில எளிய டிஜிட்டல் கேமராக்களில் இந்த லென்ஸைப் பொருத்தினால் ஒளியளவி வேலை செய்யாது. அடாப்டர் போட்ட மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமராவில் அந்தச் சிக்கல் இல்லை.

இது பெரும்பாலும் பயன்படுத்தியவர்களிடமிருந்தே கைமாறி வரும் பொருள். வாங்குமுன் அபெர்ச்சர் இதழ்களில் எண்ணெய் படிந்திருக்கிறதா, அவை தயங்காமல் மூடித் திறக்கின்றனவா, ஃபோகஸ் வளையம் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே இருக்கும் கிரீஸ் காலப்போக்கில் உலர்வதும் கசிவதும் பழைய லென்ஸ்கள் பலவற்றிலும் நேர்வதுதான்.

இந்த லென்ஸில் கடைசியாக நான் எடுத்தது ஒரு பூட்டு. எஃகு உடல் செதில் செதிலாகப் பிரிந்திருந்தது; சாவித்துவாரத்தை மூடும் பித்தளைத் தகடு மட்டும் பச்சைக் களிம்பேறி ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றது. தூசியைத் துடைத்துவிட்டு எடுக்கலாம் என்று முதலில் தூரிகையைக் கையில் எடுத்தேன். ஃபோகஸ் வளையத்தைத் திருப்பித் திருப்பித் துவாரத்துக்குள் சென்றபோது, உள்ளே ஒரு சிலந்தி நெய்திருந்த வெண்ணிறக் கூடு மெல்லத் தெளிந்து வந்தது. தூரிகையைப் பையில் வைத்துவிட்டு, எஃப் 11இல், கால் விநாடியில், அந்தக் கூட்டின் விளிம்பில் கூர்மையை வைத்து எடுத்தேன்.