உடைத்து வைத்த விதைக்கடலையை வாங்கிவிடாதீர்கள்

தாரமங்கலம் பக்கம் ஆடிப்பட்டத்துக்கு ஒரு ஏக்கர் நிலக்கடலை போட்டேன், பாதிக்கு மேல் வெறும் மண்ணாகக் கிடக்கிறது. இன்னும் விதை வாங்காதவர்கள் தயவுசெய்து படியுங்கள்.

இந்த முறை வீட்டில் விதைக்காய் எடுத்து வைக்கவில்லை, அதனால் பழகிய வியாபாரியிடம் 50 கிலோ உடைத்த பருப்பு வாங்கினேன். "புதுக்காய்ங்கண்ணா, நம்பி எடுத்துட்டுப் போங்க" என்றார். பார்க்கவும் பளபளவென்றுதான் இருந்தது.

எட்டாம் நாள் சாலில் உட்கார்ந்து விரலால் மண்ணைக் கிளறினால், தோல் தனியாக வழன்று வருகிறது, உள்ளே பருப்பு கொழகொழவென்று, மேலே கரும்பூஞ்சணம். முளை விட்ட சிலதும் வேர் ஓடாமல் அரை விரல் நீளத்தில் நின்றுவிட்டன. ஈரம் போதாமல் இல்லை, பக்கத்துக் காட்டில் சொந்த விதை போட்ட மாமாவுக்கு வரிசை பிசகாமல் வந்திருக்கிறது.

கடைக்குப் போனால் "உங்க மண்ணு கோளாறுங்க" என்கிறார். மூட்டை தூக்கும் பையன்தான் உண்மையைச் சொன்னான்: மாசியிலேயே மிஷினில் உடைத்து, தகரக் கூரைக் குடோனில் சிமெண்டுத் தரையில் அடுக்கியதாம். சேலத்துக் கோடை வெயில் முழுக்க அந்தத் தகரத்தடியில்! கடலை எண்ணெய்ச் சத்துள்ள விதை, ஓடு இருக்கும்வரைதான் அதற்குப் பாதுகாப்பு. உடைத்துவிட்டால் தோல் கீறும், காற்று பட்டு எண்ணெய் காறும், தரையின் ஈரத்தையும் குடித்துக்கொள்ளும். விதையின் ஈரம் 1 சதவீதம் கூடினாலே ஆயுள் பாதியாகும், 5 டிகிரி சூடு கூடினாலும் அப்படித்தான் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. வெளியே எதுவும் தெரியாது, அதுதான் கொடுமை.

மீதியிருந்ததில் 100 பருப்பை எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டி வைத்தேன். பத்து நாளில் முளைத்தது 38. சான்று விதைக்கு குறைந்தது 70 வேண்டும். இதை விதைப்பதற்கு முன்னாலேயே செய்திருக்கலாம், பத்து நாள் வேலை.

காயாகவே வாங்குங்கள், விதைக்கிற வாரத்தில் கையால் உடையுங்கள். மூட்டையில் சான்று அட்டை, பரிசோதனைத் தேதி பாருங்கள், குவியல் எண் (அந்த விதை எந்தத் தொகுதி என்று காட்டும் லாட் நம்பர்) போட்ட பில் கட்டாயம் கேளுங்கள். என்னிடம் இருப்பது வெறும் துண்டுச் சீட்டு, அதை வைத்து விதை ஆய்வாளரிடம் என்ன நிரூபிக்க?

காட்டை உழுதுவிட்டேன், புரட்டாசியில் கொள்ளு போடப் போகிறேன்.